21 கியர் சைக்கிளில் உண்மையில் எத்தனை கியர்? டீரெய்லரா, ஹப் கியரா... எது உங்களுக்குச் சரி?

சிக்னலில் சிவப்பு விழுகிறது. டாப் கியரில் வேகமாக வந்த சைக்கிள் சட்டென்று நிற்கிறது. பச்சை விழுந்ததும் மிதித்தால், பெடல் அசைய மாட்டேன் என்கிறது. பின்னால் பஸ் ஹாரன். அவசரத்தில் ஒரே நேரத்தில் நாலு கியர் இறக்கினால், 'கடகட'வென ஒரு சத்தம். செயின் கழன்று தொங்குகிறது.

கியர் சைக்கிளில் ஆபீஸ் போகிறவர்களில் பலருக்கு இது பழகிப்போன காட்சி. 'எனக்குத்தான் கியர் போடத் தெரியலையோ' என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் தப்பு அவர்கள் மேல் இல்லை. நின்ற இடத்தில் கியர் மாற்ற முடியாது என்பது அந்த அமைப்பின் குணம். அப்படி மாற்றக்கூடிய இன்னொரு அமைப்பும் நூறு வருடங்களுக்கு மேலாக இருக்கிறது. அதன் பெயர் ஹப் கியர்.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன, எதில் என்ன லாபம், என்ன நஷ்டம்? பார்க்கலாம்.

டீரெய்லர்: தடம் புரட்டும் கருவி

நம் ஊர்க் கடைகளில் 'கியர் சைக்கிள்' என்று விற்கப்படுபவை பெரும்பாலும் டீரெய்லர் வகைதான். பின் சக்கரத்தில் சிறியதும் பெரியதுமாகப் பல பல்சக்கரங்கள் அடுக்கியிருக்கும். அதற்குக் கீழே இரண்டு குட்டிச் சக்கரங்களோடு ஒரு கை தொங்கும். அதுதான் டீரெய்லர்.

ஃபிரெஞ்சு மொழியிலிருந்து வந்த இந்தச் சொல்லுக்கு 'தடம் புரட்டுவது' என்று பொருள். ரயில் தடம் புரள்வதைச் சொல்லும் அதே வார்த்தை. வேலையும் அதேதான். ஹேண்டில்பாரில் கியரை மாற்றியதும் கேபிள் இழுக்க, டீரெய்லர் பக்கவாட்டில் நகர்ந்து, ஓடிக்கொண்டிருக்கும் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து பக்கத்துப் பல்சக்கரத்துக்குத் தள்ளிவிடும்.

'ஓடிக்கொண்டிருக்கும்' என்பதுதான் இங்கே முக்கியம். செயின் நகர்ந்தால்தான் அடுத்த பல்லில் ஏற முடியும். அதனால்தான் நின்ற பிறகு கியர் மாறுவதில்லை. சிக்னல் வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும்.

ஹப் கியர்: எல்லாம் உள்ளே

ஹப் கியர் சைக்கிளை வெளியிலிருந்து பார்த்தால் கியர் இருப்பதே தெரியாது. முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு பல்சக்கரம், ஒரே செயின். அப்பா காலத்துச் சைக்கிள் மாதிரியே இருக்கும். ஆனால் பின் சக்கரத்தின் ஹப் மட்டும் கொஞ்சம் குண்டாக இருக்கும். கியர் மொத்தமும் அதற்குள்தான்.

உள்ளே நடுவில் அச்சோடு பொருத்திய ஒரு பல்சக்கரம் அசையாமல் நிற்கும். அதற்கு 'சூரியன்' என்று பெயர். அதைச் சுற்றி வரும் சின்னப் பல்சக்கரங்கள் 'கோள்கள்'. இவை எல்லாவற்றையும் சுற்றி, உள்பக்கம் பல் கொண்ட ஒரு வளையம்.

இங்கிலாந்தின் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் 1936-ல் கொண்டுவந்த 'ஏ.டபிள்யூ' என்ற 3 கியர் ஹப்பை எடுத்துக்கொள்வோம். சூரியனுக்கு 20 பல், வளையத்துக்கு 60 பல். செயினின் விசை கோள்களைத் தாங்கும் கூண்டு வழியாகப் போய் வளையம் சக்கரத்தைச் சுற்றினால், வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். அதுதான் மூன்றாம் கியர். அதையே திருப்பி, விசை வளையம் வழியாக நுழைந்து கூண்டு சக்கரத்தைச் சுற்றினால், வேகம் முக்கால் பங்காகக் குறையும். அது முதல் கியர். இரண்டாம் கியரில் எந்த மாற்றமும் இல்லாமல் விசை நேராகப் போகும். அவ்வளவுதான்!

செயின் எங்கேயும் நகர்வதில்லை. எனவே சிக்னலில் நின்றபடியே கியரைக் குறைத்துக்கொள்ளலாம். ஓடும்போது மாற்றினால், ஒரு நொடி மிதிப்பதைத் தளர்த்தினால் போதும்.

21 கியரின் ரகசியம்

கடையில் போய் நின்றால், முதலில் கண்ணில் படுவது எண்தான். '21 கியர் இருக்கும்போது 8 கியர் சைக்கிளுக்கு ஏன் அதிகம் கொடுக்கணும்?' என்று தோன்றும். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

21 கியர் என்றால் முன்னால் 3, பின்னால் 7 பல்சக்கரங்கள். முன்னால் 48, 38, 28 பல். பின்னால் 14, 16, 18, 20, 22, 24, 28 பல் என்று வைத்துக்கொள்வோம். முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது தெரிந்துவிடும்.

48-ஐ 28-ஆல் வகுத்தால் 1.71. 38-ஐ 22-ஆல் வகுத்தால் 1.73. 28-ஐ 16-ஆல் வகுத்தால் 1.75. மூன்று தனித்தனி கியர்கள், ஆனால் காலுக்கு மூன்றும் ஒன்றுதான். இப்படி ஒன்றின் மேல் ஒன்று விழும் கியர்களைக் கழித்துவிட்டால், 21-ல் மிஞ்சுவது சுமார் 13தான்.

அதிலும் முன்னால் பெரிய சக்கரம், பின்னால் பெரிய சக்கரம் என்ற சேர்க்கையில் செயின் குறுக்காக இழுபடும். உரசும், தேயும். அதனால் அந்தக் கியர்களைத் தவிர்க்கச் சொல்வார்கள்.

கியரின் எண்ணிக்கையைவிட, மிக லேசான கியருக்கும் மிகக் கனமான கியருக்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம். மேலே சொன்ன 21 கியரில் அது 1.0 முதல் 3.43 வரை, அதாவது 3.43 மடங்கு. ஷிமானோவின் நெக்சஸ் 8 கியர் ஹப்பில் இது சுமார் 3.07 மடங்கு. முன்னால் 38 பல், பின்னால் 19 பல் போட்டால் 1.05 முதல் 3.23 வரை கிடைக்கும். ஆக, கடை அட்டையில் 21-க்கும் 8-க்கும் இருக்கும் தூரம், ரோட்டில் இல்லை.

பழைய 3 கியர் ஹப்பின் இடைவெளி 1.78 மடங்குதான். சமதளமான ஊருக்கு அது போதும், மலைக்குப் போதாது. மறுபக்கம், ஜெர்மனியின் ரோலாஃப் நிறுவனம் 1998-ல் கொண்டுவந்த 14 கியர் ஹப்பில் 5.26 மடங்கு. ஒவ்வொரு கியருக்கும் இடையே ஒரே சீராக 13.6 சதவீத வித்தியாசம். உலகத்தைச் சுற்றும் சைக்கிள் பயணிகள் பலர் அதை விரும்புகிறார்கள். ஆனால் அந்த ஒரு ஹப்பின் விலையில் ஒரு நல்ல சைக்கிளே வாங்கிவிடலாம்.

ரேஸில் ஏன் ஹப் கியர் இல்லை?

டூர் டி ஃபிரான்ஸ் பந்தயத்தில் 1937 வரை டீரெய்லருக்கு அனுமதி கிடையாது. அதைத் தொடங்கிய ஹென்றி டெக்ரான்ஜ், ஜெயிப்பது மனிதனின் காலாக இருக்க வேண்டும், இயந்திரமாக இருக்கக்கூடாது என்ற கட்சி. அதுவரை வீரர்கள் மலை அடிவாரத்தில் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுவார்கள். அதன் இரு பக்கமும் வெவ்வேறு பல்சக்கரங்கள் இருக்கும். அவர் பொறுப்பிலிருந்து விலகியபின், 1937-ல் தடை நீங்கியது. அன்றிலிருந்து பந்தய உலகம் டீரெய்லரின் ராஜ்ஜியம்.

காரணங்கள் இரண்டு. ஒன்று, எடை. நெக்சஸ் போன்ற ஒரு ஹப் மட்டுமே சுமார் 2 கிலோ. அதுவும் மொத்தமாகப் பின் சக்கரத்தில். இரண்டாவது, விசை இழப்பு. பல்லோடு பல் உரசும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் விசை வீணாகும். 2001-ல் செஸ்டர் கைல், ஃபிராங்க் பெர்ட்டோ என்ற இருவர் வெளியிட்ட சோதனையில், ஹப் கியர்களின் திறன் டீரெய்லரைவிடப் பொதுவாக 2 சதவீதம் குறைவாக இருந்தது.

2 சதவீதம் என்றால், 100 வாட் சக்தியில் மிதிப்பவருக்கு 2 வாட். பந்தயத்தில் அது பெரிய விஷயம். ஆபீஸ் போகிறவருக்கு? காற்று சரியாக அடிக்காத டயரில் அதைவிட அதிகம் போய்விடும்.

மழை, மண், பராமரிப்பு

ஹப் கியர் ஜெயிக்கும் இடம் இதுதான். கியர் மூடிய டப்பாவுக்குள் இருப்பதால் மழைத்தண்ணீர், மணல், சேறு எதுவும் எளிதில் அண்டாது. செயின் நேர்கோட்டில் ஓடுவதால் மெதுவாகத் தேயும். அதை முழுசாக மூடும் செயின் கவரும் போடலாம், பேன்ட்டில் கிரீஸ் ஒட்டாது. செயினுக்குப் பதில் பெல்ட் போட்ட சைக்கிள்களிலும் ஹப் கியரைப் பார்க்கலாம். நெதர்லாந்தின் நகரச் சைக்கிள்களிலும், லண்டனின் வாடகைச் சைக்கிள்களிலும் ஹப் கியர் இருப்பதற்குக் காரணம் இந்தப் பிக்கல் பிடுங்கல் இல்லாத குணம்தான்.

டீரெய்லருக்கு எல்லாம் வெளியே. வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விட வேண்டும். சைக்கிள் வலப்பக்கமாக விழுந்தால், டீரெய்லரைத் தாங்கும் 'ஹேங்கர்' வளைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தாலே கியர் தானாகக் குதிக்கும். 'கியர் செட் ஆகவே மாட்டேங்குது' என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான். கேபிளை எத்தனை முறை முறுக்கினாலும் சரியாகாது. முதலில் ஹேங்கரை நிமிர்த்த வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

ஹப் கியரின் மறுபக்கம்

ஆனால் ஹப் கியரும் குறையே இல்லாத பொருள் அல்ல.

முதலில், பஞ்சர். டீரெய்லர் சைக்கிள்கள் பலவற்றில் ஒரு லீவரைத் திறந்தால் பின் சக்கரம் கையோடு வந்துவிடும். ஹப் கியரில் கேபிளைப் பிரித்து, ஸ்பேனர் வைத்து நட்டைக் கழற்றி, மாட்டும்போது வாஷரைச் சரியான பக்கம் வைத்து, மறுபடி கேபிளைச் செட் செய்ய வேண்டும். பழக்கமில்லாத கடையில் இது தலைவலி.

அடுத்து, கேபிள் செட்டிங். நெக்சஸ் 8 ஹப்பில் இது எளிது. நாலாம் கியரில் வைத்து, ஹப் பக்கத்தில் தெரியும் இரண்டு மஞ்சள் கோடுகளை நேர்கோட்டில் கொண்டுவந்தால் போதும். ஆனால் பழைய ஏ.டபிள்யூ வகையில் செட்டிங் தப்பினால் ஆபத்து. இரண்டாம், மூன்றாம் கியர்களுக்கு நடுவில் எதுவும் பிடிக்காத ஓர் இடம் உண்டு. எழுந்து நின்று மிதிக்கும்போது அங்கே நழுவினால், பெடல் வெறுமனே சுற்றும், ஆள் கீழே விழலாம்.

மூன்றாவது, ரிப்பேர். ஹப் அடிக்கடி கெடாது. ஆனால் கெட்டால் திறந்து பார்க்கத் தெரிந்த கை வேண்டும். டீரெய்லர் உடைந்தால் புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிடலாம். உதிரி பாகமும் பெரிய ஊர்களில் கிடைக்கும். பராமரிப்பே வேண்டாம் என்றும் அர்த்தமில்லை. ரோலாஃப் ஹப்புக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும்.

சரி, எதை வாங்கலாம்?

தினமும் 5 முதல் 10 கிலோமீட்டர், சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போகிற சமதளப் பயணமா? சைக்கிள் வெயிலிலும் மழையிலும் வெளியே நிற்குமா? துடைக்க நேரம் இல்லையா? ஹப் கியர் உங்களுக்கானது. ஆனால் வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிக் காட்டுவீங்களா?" அவர் தயங்கினால், நாளைக்கு உங்களுக்கும் அதே கதிதான்.

வார இறுதியில் 100 கிலோமீட்டர் போகிறவரா? 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலை ஏற ஆசையா? எடையும் வேகமும் முக்கியமா? டீரெய்லர்தான். அதிலும் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். முன்னால் ஒரே சக்கரம், பின்னால் 11 முதல் 42 பல் வரை உள்ள 11 கியர் சைக்கிளின் இடைவெளி 3.8 மடங்கு. நாம் மேலே பார்த்த 21 கியரைவிட அது அதிகம்.

ஏற்கெனவே டீரெய்லர் சைக்கிள் வைத்திருப்பவர்கள் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. மூன்று பழக்கம் போதும். சிக்னலுக்கு 20 அடி முன்பே கியரைக் குறையுங்கள். கியர் மாறும் அந்த நொடியில் அழுத்தி மிதிக்காதீர்கள். சைக்கிளை நிறுத்தும்போது டீரெய்லர் இருக்கும் பக்கம் யாரும் இடிக்காதபடி நிறுத்துங்கள்.

பச்சை விழும்போது லேசான கியரில் நிற்பவருக்கு, பின்னால் அடிக்கும் பஸ் ஹாரன் ஒரு பொருட்டே இல்லை.