படகைப் பிடித்து இழுக்கும் தண்ணீர்

"8 குதிரைசக்தி போதல தம்பி. 12 போடப்போறேன். இவன் அம்மா வளையலை பேங்க்ல வைக்க வேண்டியதுதான்." பொங்கல் லீவில் நாகப்பட்டினம் போனபோது ரூம்மேட்டின் அப்பா சொன்னார். தாராசுரத்தில் அரசலாற்றைப் பார்த்து வளர்ந்த எனக்குக் கடல் தெரியாது. ஆனால் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரைப் பாஸ் பண்ணியவன் ஆயிற்றே, சும்மா இருக்க முடியுமா!

நண்பர்களே, தண்ணீர் படகை இரண்டு விதமாகத் தடுக்கிறது. ஒன்று உராய்வு. நனைந்த பரப்பு கூடக்கூட, சொரசொரப்பு கூடக்கூட இது ஏறும். பாசி, கொட்டலசு ஒட்டினால் கேட்கவே வேண்டாம். இன்னொன்று அலை. ஓடும் படகு முன்னால் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடினால் அந்த அலையும் நீளும். அலையின் நீளம் படகின் நீளத்தைத் தாண்டியதும் பின்பக்கம் பள்ளத்தில் இறங்கிவிடும். அப்புறம் தானே போட்ட வரப்பில் தானே ஏறுகிற கதைதான். எவ்வளவு டீசல் ஊற்றினாலும் வேகம் கொஞ்சம்தான் கூடும்.

இங்கிலாந்தில் வில்லியம் ஃப்ரூட் 1867-இல் டார்ட் ஆற்றில் மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்து இந்தக் கணக்குக்கு வழி காட்டினார். நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால் அந்த எல்லை வேகம் நாட் கணக்கில் வரும். (தட்டை அடியுள்ள லேசான படகு தண்ணீர்மேல் எழும்பி இதைத் தாண்டிவிடும், வலையும் ஐஸும் மீனும் ஏற்றிய படகு அப்படி எழும்பாது.)

அவர் படகு 25 அடி. 5 × 1.34 = 6.7 நாட், அதாவது மணிக்குச் சுமார் 12 கி.மீ. அவர் சொன்ன தூரம், நேரப்படி ஏற்கெனவே 6-க்கு மேல் போகிறது! புது எஞ்சின் அலையைத்தான் பெரிசாக்கும். மாறாக, வேகத்தை 10 சதவீதம் குறைத்தாலே தேவைப்படும் சக்தி கால் பங்குக்கு மேல் குறையும், ஏனென்றால் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டிப் போகிறது. 1986-இல் சென்னையிலிருந்த வங்காள விரிகுடாத் திட்டம் சிறு படகுகளின் எரிபொருள் செலவு பற்றி வெளியிட்ட புத்தகமும் முதலில் சொல்வது இதைத்தான்: மெதுவாய்ப் போ, அடியைச் சுத்தமாய் வை.

படகைக் கவிழ்த்துப் பார்த்தோம். பழைய ஒட்டு ஒன்று கட்டைவிரல் அளவு புடைத்து நின்றது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஒரு பகல் ஆனது. பின்னால் குவித்திருந்த சாமானை நடுவுக்கு நகர்த்தினோம்.

"அப்ப படகை நீட்டிக் கட்டினா?" என்றார்.

"36 அடி ஆக்கினா 8 நாட் வருங்க."

சிரித்துவிட்டார். "அதுக்கு இவன் அம்மா வளையல் பத்தாதே தம்பி!"