ஊரைக் காப்பது யார்?

ஒரு கிராமத்தின் வளர்ச்சியைக் கணக்கிடும்போது, சாலை உண்டா, குடிநீர் உண்டா, பள்ளிக்கூடம் உண்டா என்று கேட்கிறோம். பொழுது சாய்ந்த பின் ஒரு பெண் அச்சமின்றித் தெருவில் நடக்க முடிகிறதா, வயற்கிணற்று மோட்டார் மறுநாள் காலையிலும் அங்கேயே இருக்குமா என்று கேட்பதில்லை. அச்சம் குடிகொண்ட ஊரில் மற்ற நலன்கள் நிலைத்து நில்லா. ஆகவே குற்றத் தடுப்பும் கிராம வளர்ச்சிப் பணியின் ஓர் அங்கமே ஆகும். அப்பணியில் ஊர் மக்கள் செய்யத்தக்கது எது, செய்யத்தகாதது எது என்பதை இங்கே காண்போம்.

பழைய காவல் முறை

நமது கிராமங்களுக்குக் காவல் புதிதன்று. தென் மாவட்டங்களில் ‘காவல்’ என்றே ஓர் ஏற்பாடு இருந்தது. காவற்காரர்கள் அறுவடைக் காலத்தில் தானியத்தைக் கூலியாகப் பெற்றனர். ஆடு மாடு களவு போனால் துப்பறிந்து மீட்பதும், இயலாதபோது ஈடு செய்வதும் அவர்கள் பொறுப்பு. களவுக்குப் பதில் சொல்ல ஊரில் ஒருவர் இருந்தார் என்பதே அம்முறையின் சிறப்பு. ஆயினும் நாளடைவில், காவற்கூலி கொடாதவர் வீட்டில் களவு நடக்கும் என்ற பயம் பல இடங்களில் தோன்றியது. ‘துப்புக் கூலி’ கொடுத்துத் தம் மாட்டைத் தாமே மீட்கும் நிலையும் வந்தது. கேள்வி கேட்பாரற்ற காவல், தானே ஓர் அச்சமாக மாறிவிடும் என்பது நாம் கற்க வேண்டிய முதற்பாடம்.

ஐயத்தின் விலை

இரண்டாவது பாடம் இன்னும் கசப்பானது. ஆங்கில அரசாங்கம் 1871-இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் பரவியது. குற்றம் செய்தவரை விட்டு, பிறந்த குலத்தையே அது குற்றவாளியாக்கியது. கைரேகை பதிவு செய்யப்பட்டது. பலர் இரவில் போலீஸ் நிலையத்திலேயே தங்க வேண்டியிருந்தது. இதை எதிர்த்த மதுரைச் சீமைப் பெருங்காமநல்லூர் மக்கள்மீது 3-4-1920 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து, பலர் உயிர் துறந்தனர். சுதந்திர இந்தியாவில், 31-8-1952 அன்று அச்சட்டம் நாடெங்கும் ஒழிந்தது.

சட்டம் ஒழிந்தது, ஐயம் ஒழிந்ததா? 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாகக் கைப்பேசிகளில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார். அடித்தவர்களும் ஊரைக் காப்பதாகவே எண்ணினார்கள். விழிப்பு வேறு, வெறி வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துரைக்க இயலாது.

எல்லை எது?

போலீஸாருக்கும் மக்களுக்கும் இடையே நட்பை வளர்க்கும் நோக்கத்துடன், 1993-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் ‘போலீஸ் நண்பர்கள்’ இயக்கம் தொடங்கப்பெற்றது. நோக்கம் நல்லதே. எனினும், சாத்தான்குளம் காவல் மரணங்களைத் தொடர்ந்து, 2020 ஜூலையில் தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. தொண்டர் எது வரை செல்லலாம் என்னும் வரம்பு ஐயமற விளங்க வேண்டும் என்பதை அவ்வாண்டு நமக்கு உணர்த்தியது.

அவ்வரம்பைச் சட்டமே வகுத்திருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 1-7-2024 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, ஜாமீனில் விடத்தகாததும் போலீஸார் வாரண்டின்றிக் கைது செய்யத்தக்கதுமான குற்றத்தை ஒருவர் தம் கண்ணெதிரே செய்தால், பொதுமக்கள் அவரைப் பிடிக்கலாம். வீண் தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள் அவரைப் போலீஸாரிடம் ஒப்படைத்தல் வேண்டும். அடிப்பதற்கோ, கட்டி வைப்பதற்கோ, ஊர்க்கட்டுப்பாடு விதிப்பதற்கோ எவருக்கும் உரிமை இல்லை. ஐயம் தோன்றினால் 112 என்ற எண்ணுக்கும், குழந்தைகளைப் பற்றியதாயின் 1098 என்ற எண்ணுக்கும் தெரிவிப்பதே முறை.

ஓர் ஊரின் அனுபவம்

என் பணிக்காலத்தில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஓர் ஊரில் பள்ளித் திண்ணை இரவுதோறும் குடிப்போர் கூடுமிடமாயிற்று. உடைந்த பாட்டில்களைப் பொறுக்கிவிட்டே பிள்ளைகள் காலையில் உட்கார்ந்தார்கள். “எல்லாம் வெளியூரார் வேலை” என்று ஊரார் சாதித்தனர். போலீஸார் வந்த நாட்களில் தொல்லை நின்றது, பிறகு திரும்பியது.

கிராம சபையில் ஒரு தாய் எழுந்து, “அந்த முனை விளக்கு எரிந்து எத்தனை மாதம் ஆச்சு? அங்கே உட்கார்ந்திருக்கிறது நம்ம பிள்ளைங்கதானே?” என்று கேட்டார். சபை சிறிது நேரம் மௌனமாக இருந்தது. அந்தக் கேள்விகளில் ஒன்று எங்களைப் போன்ற அலுவலர்களுக்கும் உரியது.

விளக்கு மாற்றப்பட்டது. பூட்டிக் கிடந்த நூலகம் மாலையில் திறக்கப்பட்டது. பள்ளியை ஒட்டிய வெற்றிடத்தை இளைஞர்களே செப்பனிட்டுக் கைப்பந்து ஆடலாயினர். மகளிர் குழுவினர் மாலைக் கூட்டத்தைத் திண்ணையிலேயே நடத்தினர். ஊரை விட்டுக் குடி போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். பள்ளித் திண்ணையை விட்டுப் போயிற்று. ஒருவரையும் அடிக்காமல், ஒருவர் பெயரையும் தண்டோராப் போடாமல் அது நிகழ்ந்தது.

ஆதலின், கிராம சபை கூடும் நாட்களில் சாலையையும் குடிநீரையும் பற்றிப் பேசுவதோடு நில்லாது, எந்த முனை இருளாக இருக்கிறது, எந்த வீட்டு மூதாட்டி தனித்திருக்கிறார், எந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றுவிட்டான் என்றும் பேசுவோமாக. முடிவுகளைத் தீர்மானமாக எழுதி, அடுத்த சபையில் என்ன ஆயிற்று என்று கேட்போமாக. அயலார்மீது கொள்ளும் ஐயத்தால் ஊர் காக்கப்படுவதில்லை. ஒருவர்மேல் ஒருவர் கொள்ளும் அக்கறையே ஊருக்கு மதில்.