ஒரே கட்டி, ரெண்டு குணம்: மலக்குடலில் வரும் கலப்புக் கட்டிகள்

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில் "மூலம், பவுத்திரம்" விளம்பரம் கண்ணில் படாமல் இருக்காது. மலத்தில் ரத்தம் வந்தால் நம்ம பக்கம் முதலில் சொல்கிற பேரும் மூலம்தான். லாரி ஓட்டுகிறவர் என்றால் கேட்கவே வேண்டாம், "உக்காந்தே ஓட்டறதுல சூடு புடிச்சிருச்சுங்க" என்று அவரே முடிவு கட்டிவிடுவார். பல பேருக்கு அது மூலமாகவே இருக்கும். ஆனால் மலக்குடல் புற்றுநோயும் இதே ரத்தத்தோடுதான் ஆரம்பிக்கலாம். டாக்டர் ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் இருக்கிற கட்டி பெரும்பாலும் அதிலேயே தட்டுப்பட்டுவிடும். கூச்சத்தில் இதைத் தள்ளிப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர்காரன். என்னை இழுத்தது இதற்கு அடுத்த கட்டம். கொலனோஸ்கோப்பியில் கட்டி தெரிந்து, துணுக்கு எடுத்து, ரிப்போர்ட்டில் "அடினோகார்சினோமா" என்று வந்தாச்சு. சுரப்பித் திசுவில் பிறக்கும் இந்த வகைதான் மலக்குடல் புற்றுநோயில் மிகப் பெரும்பான்மை. ரொம்ப அரிதாக, அதே கட்டிக்குள் இன்னொரு வகையும் சேர்ந்தே வளரும். அது ஹார்மோன் சுரக்கும் செல்களின் குணம் கொண்ட நியூரோஎண்டோகிரைன் வகை. இப்படி ஒரு கலப்பை 1924-லேயே கோர்டியே விவரித்திருக்கிறார். ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாக நிற்கலாம், பின்னிப் பிணைந்து கிடக்கலாம், ஒரே செல்லே ரெண்டு குணத்தையும் காட்டலாம் என்று 1987-ல் லெவின் வகை பிரித்தார். உலக சுகாதார நிறுவனம் 2010-ல் வைத்த பெயர் மேனெக். 2019-ல் ஜீரணமண்டலக் கட்டிகளுக்கான அதன் வகைப்பாட்டில் அது மைனென் என்று விரிந்தது. இந்தப் பெயர் கிடைக்க ஒவ்வொரு பகுதியும் குறைந்தது 30 சதவீதம் இருக்க வேண்டும்.

இந்த 30 மனுஷன் போட்ட கோடு. எனக்கு இதில் இடிக்கிற இடமும் இதுதான். பயாப்ஸியில் கிடைப்பது சில மில்லிமீட்டர் துணுக்குகள். முழுக் கட்டியில் எது எத்தனை சதவீதம் என்று அதை வைத்து எப்படிச் சொல்வது? ஒரு ஏக்கர் காட்டில் நாலு பிடி மண் எடுத்து, எங்கே களி, எங்கே செம்மண் என்று கணக்குச் சொல்கிற மாதிரி. அதனால்தான் பல பேருக்கு ஆபரேஷன் முடிந்து முழுக் கட்டியை அறுத்துப் பார்க்கும்போதுதான் ரெண்டாவது குணம் வெளியே வருகிறது. நோயியல் நிபுணருக்குச் சந்தேகம் தட்டினால் சினாப்டோபைசின், குரோமோகிரானின் சாயப் பரிசோதனை போட்டுப் பார்ப்பார். அங்கொன்று இங்கொன்றாக நாலு செல் சாயம் பிடித்தால் அது கலப்புக் கட்டி ஆகாது. அதே சமயம், வேகமாகப் பெருகும் நியூரோஎண்டோகிரைன் பகுதி 30-க்குக் கீழே இருந்தாலும் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். பெருகும் வேகத்தைச் சொல்லும் கி-67 அளவும் ரெண்டு பகுதிக்கும் தனித்தனியாக வேண்டும்.

ஏன் இவ்வளவு நுணுக்கம் என்றால், மருந்து மாறுகிறது. பரவாத கட்டிக்கு ஆபரேஷன்தான் அடிப்படை. மலக்குடல் என்பதால் முன்னாடியே கதிர்வீச்சும் கீமோவும் கொடுப்பது உண்டு. ஆனால் பரவிய நோயில், சாதாரண அடினோகார்சினோமாவுக்கு ஆக்சாலிபிளாட்டின், ஃப்ளூரோயூராசில் வகை. வீரியமான நியூரோஎண்டோகிரைன் பகுதி ஓங்கியிருந்தால் சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டினோடு எட்டோபோசைட். நோய் அரிது என்பதால் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளுக்கு ஆள் சேர்வதில்லை. ரெண்டில் எது முரடோ அதைப் பார்த்து வைத்தியம் என்பதே பொதுவான நடைமுறை.

வீட்டில் யாருக்காவது இப்படி ரிப்போர்ட் வந்தால், மெழுகில் பதித்த பிளாக்கையும் ஸ்லைடுகளையும் பத்திரமாகக் கேட்டு வைத்துக்கங்க. சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்த்தாலும் சரி, தனியாரில் பார்த்தாலும் சரி, அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சிஎம்சி மாதிரி இடங்களில் இன்னொரு நோயியல் கருத்துக் கேட்க அந்தப் பிளாக்தான் வேண்டும். அங்கங்கே என்ன வழக்கம் என்று போகும் முன்னாடி விசாரிச்சுக்கங்க. பின்னாளில் கல்லீரலில் கட்டி தெரிந்தால் அங்கிருந்தும் துணுக்கு எடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்க. பரவிப் போனது ரெண்டில் எது என்பதைப் பழைய ரிப்போர்ட் சொல்லாது.