இலக்கு-வினா-அளவை அணுகுமுறை

இலக்கு-வினா-அளவை அணுகுமுறை என்பது மென்பொருள் உருவாக்கத்தில் எதை, எதற்காக அளக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க உதவும் ஒரு முறை ஆகும். மென்பொருள் செயல்முறை மேம்பாட்டை நிறுவனத்தின் நோக்கங்களுடன் இணைக்க இது பயன்படுகிறது.

வரலாறு

1976 ஆம் ஆண்டில் நாசா, மேரிலாந்து பல்கலைக்கழகம், கம்ப்யூட்டர் சயின்சஸ் கார்ப்பரேசன் ஆகியவை இணைந்து கோடார்ட் விண்வெளி மையத்தில் மென்பொருள் பொறியியல் ஆய்வகத்தைத் தொடங்கின. அங்கு நிகழ்ந்த ஆய்வுகளினூடாக விக்டர் பசிலி, டேவிட் வைஸ் ஆகியோர் இவ்வணுகுமுறையை உருவாக்கினர். இது குறித்த அவர்களது ஆய்வுக்கட்டுரை 1984 இல் வெளிவந்தது.

அமைப்பு

இவ்வணுகுமுறை மூன்று படிநிலைகளைக் கொண்டது.

* இலக்கு: எதை, எந்நோக்கத்திற்காக, யாருடைய பார்வையில் ஆராய்கிறோம் என்பது. எ.கா: வெளியீட்டுக்குப் பின் பயனர் காணும் வழுக்களைக் குறைத்தல்.
* வினா: இலக்கு எட்டப்பட்டதா என அறிய உதவும் கேள்வி. எ.கா: வழுக்களில் எத்தனை பங்கு வெளியீட்டுக்கு முன்பே கண்டறியப்படுகிறது?
* அளவை: வினாவுக்கு விடை தரும் தரவு. எ.கா: மூலநிரல் மீளாய்விலும் சோதனையிலும் கண்டறியப்பட்ட வழுக்களின் எண்ணிக்கை, பயனர்கள் தெரிவித்த வழுக்களின் எண்ணிக்கை.

தரவைத் திரட்டிய பின் பயனைத் தேடாமல், தேவையை முதலில் வரையறுப்பதே இதன் அடிப்படை.

நிறுவன உத்தியுடன் இணைத்தல்

இதன் விரிவாக்கமான இலக்கு-வினா-அளவை-உத்திகள் முறை, வணிக இலக்கு முதல் மென்பொருள் குழுவின் இலக்கு வரை ஒரு தொடரை அமைக்கிறது. ஒவ்வோர் இலக்கிற்கும் ஓர் உத்தி தெரிவு செய்யப்படுகிறது. அவ்வுத்தியிலிருந்து அடுத்த மட்டத்தின் இலக்கு பிறக்கிறது. உத்தியைத் தெரிவு செய்தமைக்கான எடுகோள்களும் எழுதி வைக்கப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, வாடிக்கையாளர்களைத் தக்கவைக்க விரும்பும் ஒரு நிறுவனம், மென்பொருளின் நம்பகத்தன்மையை உயர்த்துவதை உத்தியாகக் கொள்ளலாம். மீளாய்வு மூலம் வழுக்கள் குறைந்தும் வாடிக்கையாளர்கள் விலகினால், செயல்முறை மேம்பாடு வெற்றி பெற்றது. ஆனால், வழுக்களே விலகலுக்குக் காரணம் என்ற எடுகோள் தவறானது. விலையோ தாமதமோ காரணமாக இருக்கலாம். எடுகோள் எழுதப்படாவிடின் இவ்வேறுபாடு புலப்படாது.

முதிர்ச்சி மாதிரிகளுடன் ஒப்பீடு

1991 இல் வெளியான திறன் முதிர்ச்சி மாதிரி, நிறுவனங்களைப் பொதுவான ஐந்து நிலைகளில் மதிப்பிட்டது. இலக்கு-வினா-அளவை அணுகுமுறையோ அந்தந்த நிறுவனத்தின் சொந்த இலக்கிலிருந்து தொடங்குகிறது. இரண்டையும் சேர்த்தும் பயன்படுத்தலாம். எனினும் உயர்நிலைச் சான்றைப் பெறுவதே இலக்காகிவிட்டால், ஆவணங்கள் பெருகியும் மென்பொருளின் தரம் மாறாதிருக்கக்கூடும்.

வரம்புகள்

வினாக்களும் அளவைகளும் மிகுந்தால் தரவு திரட்டுவதே சுமையாகிவிடும். மேலும், தனிநபர்களை எடைபோட அளவைகள் பயன்படுத்தப்பட்டால் வழுக்கள் மறைக்கப்படும்; அந்நிலையில் தரவு நம்பத்தகுந்ததாக இராது.