தாய்வழி மரபணுவும் கொலைத் துப்பும்

மணமகன் மனைவியின் சீதன வீட்டிற் குடிபுகுதல் நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை முதலிய இடங்களில் நெடுங்கால வழக்கு. அதனால், ஒரு குறிச்சியில் அடுத்தடுத்துள்ள வளவுகளில் ஒரே பேர்த்தியார் வழிவந்த பெண்மக்கள் வாழ்தல் உண்டு. இதனை அறிந்தார்க்கு, இலண்டன் மாநகரின் தீராத கொலை வழக்கொன்றைப் பற்றிய வாதம் எளிதில் விளங்கும்.

1888ஆம் ஆண்டிலே வைற்சப்பல் பகுதியிற் பெண்கள் ஐவரைக் கொன்றவன் யாரென்பது இன்றும் துணியப்படவில்லை. ‘ஜாக் த றிப்பர்’ என்பது அவனைக் குறிக்க வழங்கும் பெயர். அவனைத் தேடுவோருட் பலர் துப்பறிதலைத் தொழிலாகக் கொள்ளாதவர். அன்னாருள் ஒருவரான ரசல் எட்வேர்ட்ஸ் என்னும் வணிகர், கொலையுண்ட கதரின் எடோஸின் அருகிற் கிடந்ததாகக் கூறப்பட்ட சால்வையை 2007இல் ஏலத்தில் வாங்கினார். அதன் கறைகளிலிருந்து இழைமணி மரபணு பிரிக்கப்பட்டு, எடோஸின் வழித்தோன்றலோடும், ஆரன் கொஸ்மின்ஸ்கி என்பாரின் சகோதரி வழியினரோடும் ஒப்பிடப்பட்டது. 2014இல், வழக்கு முடிந்ததென்று நூலும் வெளிவந்தது. கொஸ்மின்ஸ்கியார் 1919இலேயே மனநோய் விடுதியில் இறந்தவர். மறுமொழி கூற அவருக்கு வாயில்லை.

இழைமணி மரபணு தாயிடமிருந்தே மக்களை அடைவது. தாய், அவள் சகோதரிகள், அவர்தம் பிள்ளைகள் யாவரும் அதனையே உடையர். அது பொருந்தாவிடின் ஒருவரை விடுவிக்கலாம். பொருந்தினும் அவரே குற்றவாளி எனத் துணிதல் ஒண்ணாது. தீவகக் குறிச்சியொன்றில் இத்தகைய கறை கிடைப்பின், வேலிக்கு இப்பாலும் அப்பாலுமுள்ள பல வீட்டாரை அது ஒருங்கே சுட்டிவிடக்கூடும்.

சால்வைக்கு நேர்ந்ததோ இதனினும் இரங்கத்தக்கது. எடோஸின் அடையாளமாக, 2,90,000 பேருள் ஒருவர்க்கே உரியதெனக் காட்டப்பட்ட மாற்றம் 314.1 என்னும் எண்ணாற் பிழையாகக் குறிக்கப்பட்டிருந்தது. சரியான எண் 315.1, அம்மாற்றமோ ஐரோப்பிய மரபினருள் நூற்றுக்கு 99 பேருக்கு மேற்பட்டோரிடம் உள்ளது. 2019இல் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரையிலும் மரபணு வரிசை தரப்படவில்லை. வண்ணக் கட்டங்களே அச்சாயின.