வாசிப்பும் கணக்கும் வாழ்வில் கைகொடுக்க

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டபின், அடிப்படைத் திறன்கள் பற்றி நாம் அதிகம் பேசுகிறோம். ஆனால் அவை தொடக்க வகுப்புகளோடு முடிந்துவிடுவதில்லை. பாடத்தைத் தடையின்றி வாசிக்கும் 9-ஆம் வகுப்பு மாணவர், வங்கிச் செலுத்துச் சீட்டைக் கையில் கொடுத்தால் தயங்குகிறார். காரணம், அங்கே பத்திகள் இல்லை. கட்டங்களும் சுருக்கெழுத்துகளும் பொடி எழுத்துகளும் இருக்கின்றன. தேவையானதை மட்டும் தேடி எடுக்க வேண்டும். இது தனியே பழக வேண்டிய திறன்.

கணக்கிலும் இதே நிலைதான். பாடநூலில் வினா தரப்பட்டிருக்கும். வாழ்க்கையில் வினாவையே நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். தண்டல் கடனை எடுத்துக்கொள்வோம். கைக்கு வருவது 8,500 ரூபாய். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வட்டி 1,500 ரூபாய் என்பதை 5-ஆம் வகுப்பு மாணவரும் கூறுவார். 50-ஆம் நாளிலேயே 5,000 ரூபாய் திரும்பச் சென்றுவிடுகிறது. கடன் குறைந்தும் வட்டி குறையவில்லை என்பதை 8-ஆம் வகுப்பில் விளக்கலாம். ‘நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி’ என்பது மாத வட்டி. ஆண்டுக்கு 24 விழுக்காடு. இது தெரியாமல் கையெழுத்திடுபவர் பல ஆண்டுகள் சுமக்க நேரிடும்.

மற்ற பாடங்களிலும் இடமுண்டு. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களில் சில 1 லிட்டர் தண்ணீருக்கு உரியவை, சில 200 மில்லி லிட்டருக்கு உரியவை. அளவை வாசித்துக் கலக்கப் பழகுவது, கொள்ளளவுப் பாடத்தின் உண்மையான பயன். 75 வாட் மின்விசிறி நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் 0.75 யூனிட், 60 நாளில் 45 யூனிட். வீட்டு மின்கட்டணத்தின் ஒரு பகுதியை மாணவரே கணக்கிட்டுவிடுவார்.

இதற்குத் தனிப் பாடவேளை தேவையில்லை. வாரம் 15 நிமிடம், ஒரு தாள், மூன்று வினாக்கள் போதும்: இது எதற்கான தாள்? இதில் எனக்குத் தேவையான வரி எது? இதைப் பார்த்தபின் நான் என்ன செய்ய வேண்டும்? தொடக்க வகுப்பில் பிஸ்கட் உறையின் காலாவதித் தேதி, பேருந்துப் பெயர்ப்பலகை. நடுநிலையில் மருந்து அட்டை, கடை ரசீது. உயர்நிலையில் விண்ணப்பப் படிவம், கடன் ஒப்பந்தம், வேலைக்கான நியமனக் கடிதம்.

இரண்டு செய்திகளில் கவனம் வேண்டும். உண்மையான தாள்களைப் பயன்படுத்தும்போது பெயர், கணக்கு எண், ஆதார் எண் ஆகியவற்றை மறைத்துவிடுவோம். “யார் வீட்டில் கடன் இருக்கிறது?” என்று வகுப்பில் கேட்காமல், நாமே உருவாக்கிய எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் எழுதுவோம். குழந்தையின் மனம் புண்படாமல் கற்பதே முக்கியம்.

மதிப்பெண்ணும் தேவையில்லை. இதுவரை பார்த்திராத ஒரு தாளைக் கொடுத்து அதே மூன்று வினாக்களைக் கேட்டாலே திறன் வளர்ந்திருப்பது தெரிந்துவிடும். 18 வயதில் ஒரு படிவத்தின் முன் அமரும்போது, நம் மாணவர் முழுவதும் வாசித்து, புரியாததைக் கேட்டு, அதன்பின் கையெழுத்திட வேண்டும். அந்தப் பழக்கத்தை இன்றே நம் வகுப்பறையில் தொடங்கலாமே!