பாகு மாநாடும் தென்பெண்ணை வெள்ளமும்

அஜர்பைஜான் தலைநகர் பாகுவில் நடைபெற்ற ஐ.நா. பருவநிலை மாநாடு, 2024 நவம்பர் 24 அதிகாலையில் நிறைவுற்றது. வளரும் நாடுகளுக்கு 2035-ஆம் ஆண்டுக்குள் ஆண்டொன்றுக்கு 30,000 கோடி டாலர் என்ற அளவில் நிதி திரட்டித் தருவதாக வளர்ந்த நாடுகள் ஒப்புக்கொண்டன. வளரும் நாடுகள் கோரியதோ ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர். தீர்மானம் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டதுமே, இதை ஏற்க இயலாது என்று இந்தியப் பிரதிநிதி மறுப்பைப் பதிவுசெய்தார்.

அதற்கு ஆறு நாள்கள் கழித்து, நவம்பர் 30 இரவு, புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. கரையைக் கடந்த பின்னும் அது உள்மாவட்டங்களில் பெருமழையைக் கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மணலூர்ப்பேட்டை, திருக்கோவிலூர் பகுதிகளில் ஆறு கரைபுரண்டது.

அதே டிசம்பர் 2-ஆம் தேதிதான் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில், பருவநிலை மாற்றம் குறித்து நாடுகளுக்கு உள்ள சட்டக் கடமைகள் என்ன என்ற வழக்கில் சர்வதேச நீதிமன்றம் விசாரணையைத் தொடங்கியது.

பாகு, தி ஹேக், திருக்கோவிலூர் ஆகிய மூன்றும் ஒன்பது நாள்களுக்குள் அடங்கிவிட்டன. ஆனால், முதல் இரண்டையும் வெளியுறவுச் செய்தியாகவும் மூன்றாவதை வெள்ளச் செய்தியாகவும் நாம் தனித்தனியே படித்தோம். இவை ஒரே செய்தியின் மூன்று பகுதிகள் என்பதுதான் என் வாதம்.

ஒரு தொழிற்சாலையின் புகையால் அண்டை வயல் பாழானால், அந்த இழப்பு ஆலையின் கணக்கில் ஏறுவதில்லை. உழவனின் கணக்கில்தான் ஏறுகிறது. இதைப் பொருளியலில் 'புறவிளைவு' என்போம். இத்தகைய இழப்புக்குக் காரணமானவரிடமே வரி வசூலிக்க வேண்டும் என்ற கருத்தை ஆர்தர் பிகு 1920-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். வகுப்பறையில் இதைக் கற்பிப்பது எளிது. ஆலையும் வயலும் வெவ்வேறு நாடுகளில் இருந்தால் வரி விதிப்பவர் யார் என்று மாணவர்கள் கேட்கும்போதுதான் ஆசிரியர் தடுமாறுவார். உலக அரசு என்று ஒன்று இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டியது வெளியுறவுக் கொள்கை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எந்தவொரு வெள்ளத்தையும் முழுக்க முழுக்கப் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. அணை நீர் மேலாண்மை, முன்னெச்சரிக்கை, ஆற்றங்கரை ஆக்கிரமிப்பு ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. எனினும், ஒரு டிகிரி வெப்பம் கூடும்போது காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்குகிறது என்பது இயற்பியல். கனமழை தீவிரமடைவதற்குப் புவி வெப்பமாதல் காரணமாகிறது என்று ஐ.நா.வின் அறிவியலாளர் குழு கூறியுள்ளது.

இனி, பணக் கணக்கைப் பார்ப்போம். ஃபெஞ்சல் புயலுக்கு இடைக்கால நிவாரணமாக 2,000 கோடி ரூபாயைத் தமிழக அரசு மத்திய அரசிடம் கோரியது. மாநிலப் பேரிடர் நிதியில் மத்திய அரசின் பங்காக 944.80 கோடி ரூபாய் விடுவிக்கப்பட்டது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. பாசன நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாய் நிவாரணம். இந்தக் கணக்கு முழுவதும் சென்னைக்கும் தில்லிக்கும் இடையிலேயே முடிந்துவிட்டது. இரு நூற்றாண்டுகளாக வளிமண்டலத்தைக் கரியால் நிரப்பிச் செல்வம் சேர்த்த நாடுகளிடமிருந்து இதற்காக வந்தது எதுவுமில்லை.

அதற்கென ஒரு நிதியமே இல்லாமலில்லை. கடல்மட்ட உயர்வால் ஏற்படும் இழப்பை ஈடுசெய்யப் பன்னாட்டு ஏற்பாடு தேவை என்று சிறு தீவு நாடுகளின் சார்பில் வனுவாட்டு 1991-இலேயே முன்மொழிந்தது. 'இழப்பு மற்றும் சேத நிதியம்' அமைக்க 2022-இல் எகிப்து மாநாட்டில்தான் உலகம் இசைந்தது. அதற்கு 31 ஆண்டுகள் பிடித்தன. நிதியத்தின் தொடக்கக் கட்டத்துக்காக, அனைத்து வளரும் நாடுகளுக்கும் சேர்த்து ஒதுக்கப்பட்ட தொகை 25 கோடி டாலர். நம் மதிப்பில் ஏறத்தாழ 2,200 கோடி ரூபாய். ஒரே புயலுக்குத் தமிழகம் கேட்ட இடைக்காலத் தொகையும், உலகம் முழுமைக்குமான தொடக்க ஒதுக்கீடும் கிட்டத்தட்ட ஒன்றே! அதிலும் பாதியேனும் சிறு தீவு நாடுகளுக்கும் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கும் உரியது. அது நியாயமும்கூட.

இந்தியாவின் பருவநிலை ராஜதந்திரம் வெறுங்கையோடு நிற்கிறது என்று நான் கூறவில்லை. 1972-இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் இந்திரா காந்தி வறுமையையும் சுற்றுச்சூழலையும் இணைத்துப் பேசியதிலிருந்து நமக்கு ஒரு மரபு உண்டு. 2015-இல் பிரான்ஸுடன் இணைந்து சர்வதேச சூரியசக்திக் கூட்டணியையும், 2019-இல் பேரிடரைத் தாங்கும் உள்கட்டமைப்புக்கான கூட்டணியையும் தொடங்கினோம். 2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வை எட்டுவோம் என்று 2021-இல் கிளாஸ்கோவில் உறுதியளித்தோம்.

எனினும், நம் அணுகுமுறை பெரும்பாலும் தற்காப்பாகவே இருந்து வந்துள்ளது. தலா உமிழ்வில் உலகச் சராசரியின் பாதிக்கும் குறைவாக இருந்தாலும், மொத்த உமிழ்வில் உலகில் மூன்றாவது இடத்தில் இருக்கிறோம். எனவே, புதிய கடமைகள் நம்மீது விழுந்துவிடக் கூடாது என்ற கவலை நமக்கு இருக்கிறது. தி ஹேக் விசாரணையிலும், இப்போதுள்ள பருவநிலை உடன்படிக்கைகளுக்கு அப்பால் நீதிமன்றம் செல்லக் கூடாது என்றே இந்தியா வாதிட்டது. ஆனால், 2025 ஜூலை 23 அன்று அளித்த ஆலோசனைக் கருத்தில், உடன்படிக்கைகளுக்கு அப்பாலும் நாடுகளுக்குக் கடமை உண்டு என்றும், அதை மீறினால் இழப்பீடு வழங்கும் பொறுப்பு எழக்கூடும் என்றும் நீதிமன்றம் கூறியது. அந்தக் கதவைத் தட்டித் திறந்தது வனுவாட்டு என்னும் சின்னஞ்சிறு தீவு நாடு. அது பருவநிலையையே தன் வெளியுறவுக் கொள்கையின் மையமாக வைத்துக்கொண்டது.

நாம் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, பொறுப்பை ஒருமுகப்படுத்துதல். பருவநிலைப் பேச்சு சுற்றுச்சூழல் அமைச்சகத்திடமும், நிதி பற்றிய பேச்சு நிதி அமைச்சகத்திடமும், ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் முழுமையாக நடைமுறைப்படுத்தியுள்ள எல்லைக் கார்பன் வரி பற்றிய பேச்சு வர்த்தக அமைச்சகத்திடமும் சிதறிக் கிடக்கின்றன. எல்லா இருதரப்பு, பலதரப்புப் பேச்சுகளிலும் பருவநிலையை முதன்மைப் பொருளாக முன்வைக்கும் பொறுப்பு வெளியுறவு அமைச்சகத்துக்கு வேண்டும்.

இரண்டாவது, வாக்குறுதியின் தொகையைவிட அதன் தன்மையை வலியுறுத்துதல். கடனாக வரும் பணம் இழப்பீடு ஆகாது. வெள்ளத்தில் வீடிழந்தவனுக்கு வட்டிக்குப் பணம் கொடுப்பதை உதவி என்று எந்தக் கிராமத்தான் ஒப்புவான்?

மூன்றாவதே அடிப்படையானது: இழப்புக்கு ஆவணம் வேண்டும். கணக்கு இல்லாத கோரிக்கைக்கு எந்த மன்றத்திலும் மதிப்பில்லை. தமிழ்நாடு 2022-இல் தொடங்கிய காலநிலை மாற்ற இயக்கம் மாவட்டந்தோறும் ஆட்சியர் பொறுப்பில் இயங்குகிறது. ஒவ்வொரு பேரிடரிலும் பயிர், கால்நடை, வீடு, வேலைநாள், பள்ளிநாள் இழப்புகளை அறிவியல் முறைப்படி பதிவுசெய்யும் பணியை அதனிடம் ஒப்படைக்கலாம். அப்பதிவேடுதான் நம் தூதர்களின் கையில் இருக்க வேண்டிய சான்று.

இங்கேதான் கல்வராயன் மலை நினைவுக்கு வருகிறது. கோமுகியும் மணிமுக்தாவும் பிறக்கும் அந்த மலையில் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு வாழும் மலையாளிப் பழங்குடியினர், புவியைச் சூடாக்கியதில் ஏறக்குறைய எந்தப் பங்கும் இல்லாதவர்கள். அவர்கள் வாழும் காடோ கரியமில வாயுவை ஈர்த்துக்கொள்கிறது. ஆனால், பட்டா இல்லாத நிலத்தில் பயிரிட்டவரின் இழப்பு ஹெக்டேர் கணக்கில் எளிதில் ஏறாது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி உரிமைப் பட்டா முழுமையாகக் கிடைக்காதவரை, அவர்களுடைய இழப்பு கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகக் கோப்பிலேயே இடம்பெறாது. அப்புறம் எப்படி உலக மன்றத்தை எட்டும்?

குறைவாக மாசுபடுத்தியவன் அதிகமாகத் துன்புறக் கூடாது என்பதே பாகுவில் நாம் பேசிய நீதி. அதே நீதியைத் தலைநகரங்களிடம் கல்வராயன் மலையும் கேட்கிறது. வீட்டுக்குள் அதை ஏற்றுக்கொள்ளும் நாட்டின் குரலுக்குத்தான் வெளியே வலிமை இருக்கும்.

அடுத்த புயலுக்குப் பெயர் ஏற்கெனவே பட்டியலில் காத்திருக்கிறது. அது வருவதற்குள் நம் பதிவேடு ஆயத்தமாகட்டும்.